வேதியியல் விலைபோகாத சரக்கா?

ஆண்டுதோறும் மே மாதத்தில் பிளஸ் டூ தேர்வு முடிவுகள் வெளிவந்தவுடன் தமிழகத்தின் வீடுகள்தோறும் ஒரு வினா எழுகிறது. 'அடுத்து என்ன படிக்கலாம்?' என்பது அவ்வினாவின் வெளித்தோற்றம். 'எதைப் படித்தால் எவ்வளவு கிடைக்கும்?' என்பதே அதன் உட்பொருள். பணம் கொடுத்துப் பண்டம் வாங்குகிறவன் எடையைப் பார்ப்பது போல, பெற்றோர் பட்டத்தின் எடையைப் பார்க்கின்றனர். பார்ப்பது குற்றமன்று. வயிற்றைக் கட்டி மகனைப் படிக்க வைக்கும் தந்தைக்கு அந்த உரிமை உண்டு. ஆனால், தராசு நேரானதா என்று கேட்கும் உரிமை நமக்கும் உண்டல்லவா?

கொங்குச் சீமையில், குறிப்பாகப் பெருந்துறை வட்டாரத்தில், இந்தத் தராசில் அண்மைக் காலமாக மேலே எழும்பி நிற்கும் தட்டு வேதியியல். வணிகவியலுக்கும் கணினி அறிவியலுக்கும் முண்டியடிக்கும் கூட்டம் வேதியியல் வகுப்பின் வாசலில் இல்லை. "கெமிஸ்ட்ரி படித்து என்ன கிழிக்கப் போகிறாய்?" என்று மாமன் கேட்கிறார். "பட்டம் வாங்கியவன் பனியன் கம்பெனியில் பில் போடுகிறான்; எட்டாவது படித்த கட்டிங் மாஸ்டர் அவனைவிட இருமடங்கு வாங்குகிறார்" என்று பக்கத்து வீட்டார் சான்று கூறுகிறார். இத்தீர்ப்பு ஊர்ப் பொதுத் தீர்ப்பாகவே ஆகிவிட்டது. அதை எதிர்த்து வழக்காடவே நாம் எழுதுகோலை எடுத்திருக்கிறோம்.

கணக்கை நாமும் போடுவோம்

எதிர்க்கட்சியின் வாதத்தைக் குறைத்து மதிப்பிடுவது நேர்மையாகாது. எனவே முதலில் செலவுப் பக்கத்தை எடுத்துக்கொள்வோம்.

அரசுக் கலை அறிவியல் கல்லூரிகளில் இளங்கலைக்குப் பயிற்சிக் கட்டணத்தைத் தமிழக அரசு நீக்கிவிட்டது. அரசுப் பள்ளியில் படித்த மாணவியருக்கு 2022 செப்டம்பரில் தொடங்கிய 'புதுமைப் பெண்' திட்டமும், மாணவருக்கு 2024 ஆகஸ்டில் கோவையில் தொடங்கிவைக்கப்பட்ட 'தமிழ்ப் புதல்வன்' திட்டமும் மாதம் ஆயிரம் ரூபாய் வழங்க வகை செய்தன. மூன்றாண்டுக்கு அது 36,000 ரூபாய். ஆகவே, அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்த ஏழைப் பிள்ளைக்குக் கட்டணம் பெருஞ்சுமை அன்று. சுயநிதிப் பிரிவில் சேர்கிறவனுக்கோ அது சுமைதான்.

எனினும் உண்மையான செலவு கட்டணம் அன்று, காலம். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த இளைஞன் நேரே வேலைக்குப் போனால் மாதம் 12,000 ரூபாய் பெறுவான் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். மூன்றாண்டுப் பட்டப்படிப்பில் அவன் இழப்பது 4,32,000 ரூபாய். அத்துடன் முடிகிறதா? பள்ளி ஆசிரியராக வேண்டுமானால் பி.எட். வேண்டும். 2015 முதல் அதுவும் ஈராண்டுப் படிப்பு. பின்னர் ஆசிரியர் தகுதித் தேர்வு. அதன் பின்னும் நியமனத்துக்குத் தனிப் போட்டித் தேர்வு. முதுகலை ஆசிரியராக வேண்டுமானால் எம்.எஸ்ஸி. ஈராண்டும் சேர்ந்து மொத்தம் ஏழு ஆண்டு. மேற்சொன்ன அதே கணக்கில் இழப்பு 10,08,000 ரூபாய். இவ்வளவுக்கும் பிறகு இடம் கிடைக்கும் என்று எவரும் உறுதி சொல்வதில்லை. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், தடய அறிவியல் துறை, உணவுப் பகுப்பாய்வுக் கூடங்கள் ஆகியவற்றில் வேதியியலாருக்குப் பணியிடங்கள் உண்டு. ஆயின் விண்ணப்பிப்போர் கடலளவு, இடங்களோ கையளவு.

வெறும் பி.எஸ்ஸி. பட்டத்துடன் தொழிற்சாலைக்குப் போகிறவன் தொடக்கத்தில் பெறும் ஊதியம் அவன் தந்தையைத் தலைகுனிய வைக்கிறது என்பதும் உண்மையே. இவற்றை எல்லாம் நாம் மறுப்பதற்கில்லை.

அப்படியாயின் வழக்கில் தோற்றுவிட்டோமா? இல்லை. இதுவரை நாம் பார்த்தது பேரேட்டின் ஒரு பக்கம் மட்டுமே. மறுபக்கத்தைப் புரட்டாமல் இருப்பைக் கட்டும் கணக்கப்பிள்ளையை எந்தக் கடையிலும் வைத்துக்கொள்ள மாட்டார்கள்.

சானடோரியம் சொல்லும் சாட்சி

பெருந்துறையில் மருத்துவக் கல்லூரி அமைந்திருக்கும் பகுதிக்கு இன்றும் 'சானடோரியம்' என்றே பெயர். காசநோயாளர் மாதக்கணக்கில் படுத்துக் கிடந்து தூய காற்றையும் ஊட்ட உணவையும் ஓய்வையும் மருந்தாக உண்ட இடம் அது. அந்நாளில் அந்நோய்க்கு வேறு வழி அரிதாகவே இருந்தது. குடும்பத்தைப் பிரிந்து, தொழிலை இழந்து, பலர் அங்கிருந்து மீளாமலே போன காலம்.

அந்த நிலையை மாற்றியது எது? ஒரு வேதியியல் பட்டத்துக்காகச் செய்யப்பட்ட ஆய்வு. 1912இல் பிராக் நகரின் ஜெர்மானியப் பல்கலைக்கழகத்தில் ஹான்ஸ் மேயர், யோசப் மாலி என்னும் இருவர், முனைவர் பட்டத்துக்கான ஆய்வின் ஒரு பகுதியாக ஐசோநயாசிட் என்னும் சேர்மத்தை ஆக்கினர். அதன் பயன் என்ன என்று அவர்களுக்கும் தெரியாது, பிறருக்கும் தெரியாது. நாற்பது ஆண்டுகள் அது ஏட்டில் உறங்கியது. 1952இல்தான் அது காசநோய்க் கிருமியைக் கொல்லவல்லது என்று உலகம் அறிந்தது. 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் மருந்தாய்வு மையம் இம்மருந்தை இன்னொரு மருந்தோடு சேர்த்து, ஏழை நோயாளிகளை அவரவர் வீட்டிலேயே வைத்து மருந்து கொடுத்துப் பார்த்தது. சானடோரியத்தில் கிடந்தோர் பெற்ற நலத்துக்கு வீட்டில் இருந்தோர் பெற்ற நலம் ஏறத்தாழ இணையானது என்று 1959இல் அறிவித்தது. உலகமெங்கும் சானடோரியங்களின் படுக்கைகள் காலியாகத் தொடங்கியதில் அந்த முடிவுக்குப் பெரும் பங்கு உண்டு.

1913இல் மாலியிடம் சென்று, "உம் பட்டத்தால் என்ன வருமானம்?" என்று நம்மூர் மாமன் கேட்டிருந்தால் அவர் என்ன விடை சொல்லியிருப்பார்? ஒன்றும் சொல்லியிருக்க முடியாது. அவருடைய சேர்மம் ஈட்டிய ஊதியம் அவர் சட்டைப் பையில் விழவில்லை. காப்பாற்றப்பட்ட இலட்சோப இலட்சம் உயிர்களின் மூச்சில் அது இருக்கிறது. வேதியியல் பட்டத்தின் வரவை மாதச் சம்பளத்தால் மட்டும் அளக்கிறவர்கள், பெருந்துறை மருத்துவக் கல்லூரியின் வாசலில் ஒரு நிமிடம் நின்று அந்த ஊர்ப்பெயரை உரக்கப் படிக்கட்டும்.

"ஊருக்கு உபகாரம் சரி, என் வீட்டுக்கு அடுப்பெரிய வேண்டாமா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்கும் விடை உண்டு. அதற்கு முன், வேதியியல் தெரியாமையின் விலையைப் பார்த்துவிடுவோம்.

நொய்யல் கொடுத்த பில்

வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவையையும் திருப்பூரையும் கடந்து காவிரியில் கலப்பது நொய்யல். அதன் கரையில், பெருந்துறை வட்டத்தில்தான் கொடுமணல் இருக்கிறது. பதிற்றுப்பத்து கொடுமணம் என்று குறிப்பிடும் ஊர். அகழ்வாய்வில் அங்கே இரும்பு உருக்கிய உலைகளும் மணிக்கல் பட்டறைகளின் தடயங்களும் வெளிப்பட்டன. இரும்பில் கரி எவ்வளவு சேர்ந்தால் எஃகாகும் என்பது வேதியியல். அதைக் கைப்பழக்கமாக அறிந்திருந்த மக்கள் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இம்மண்ணில் வாழ்ந்தனர். பட்டம் இல்லை, அறிவு இருந்தது.

அதே நொய்யலின் குறுக்கே சென்னிமலைக்கு அருகே ஒரத்துப்பாளையம் அணை 1992இல் எழுந்தது. பாசனத்துக்காகக் கட்டப்பட்ட அணை அது. தேங்கியதோ திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவு. 'தண்ணீர் திறந்துவிடுங்கள்' என்று உழவர் போராடுவதை நாடு அறியும். 'திறந்துவிடாதீர்கள்' என்று உழவர் மன்றாடிய அணை இது ஒன்றாகத்தான் இருக்கும்.

அக்கழிவில் என்ன இருந்தது? பருத்தித் துணிக்கு இன்று ஏற்றப்படும் வினைச்சாயங்கள் 1956இல் சந்தைக்கு வந்தவை. சாயம் நூலோடு ஒட்டுவதற்கு மிகுதியான உப்பு வேண்டும். நூலோடு பிணைவதற்குச் சோடா உப்பு வேண்டும். சாயத்தில் ஒரு பகுதி பிணையாமல் நீரோடு போகிறது. உப்போ ஏறத்தாழ முழுதும் போகிறது. நிறத்தை நீக்கினாலும் உப்பு நீங்காது. வெளியேறும் நீரில் கரைபொருள் லிட்டருக்கு 2100 மில்லிகிராமுக்கு மேல் இருக்கலாகாது என்பது விதி. உப்பைக் கொட்டிச் சாயம் ஏற்றிவிட்டு இந்த விதிக்கு உட்படுவது எங்ஙனம் என்பது வேதியியல் வினா. அதைப் பல்லாண்டுகள் எவரும் வேதியியலாரிடம் கேட்கவில்லை, வழக்கறிஞரிடம் கேட்டனர்.

விளைவு என்ன? 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் ஓசையடங்கின. அவற்றை நம்பிய பனியன் கம்பெனிகள் தடுமாறின. தொழிலாளர் ஊர் திரும்பினர். அதன் பின்னரே சொட்டுக் கழிவும் வெளியேறாத சுத்திகரிப்பு முறை நிலைகொண்டது. எதிர்ச் சவ்வூடு பரவலால் நீரைப் பிரித்தெடுத்து, எஞ்சிய உவர்நீரைக் காய்ச்சி, உப்பை மீட்டு மீண்டும் சாயத்தொட்டிக்கே அனுப்புவது என்பதெல்லாம் பாடப்புத்தகத்தில் இருந்த வேதியியல்தான். அதை முன்பே வாங்கியிருந்தால் சில இளைஞரின் ஊதியத்தோடு முடிந்திருக்கும். பின்பு வாங்கியதால் ஓர் ஆற்றையும் ஆயிரமாயிரம் ஏக்கர் நிலத்தையும் விலையாகக் கொடுத்தோம்.

பெருந்துறையில் ஈங்கூர்ப் பக்கம் விரிந்து கிடக்கும் சிப்காட் வளாகத்தைப் பாருங்கள். சாய ஆலைகளும் தோல் ஆலைகளும் இரசாயன ஆலைகளும் அங்கே உள்ளன. கிணற்று நீர் கெட்டுவிட்டது என்று சுற்றுவட்டார மக்கள் முறையிட்டவண்ணம் இருக்கின்றனர். ஒரு வட்டாரத்தில் இரசாயனத் தொழில் பெருகுகிறது. அதே வட்டாரத்தில் வேதியியல் வகுப்பில் இருக்கைகள் காலியாகக் கிடக்கின்றன! நஞ்சைக் கையாளும் ஊர், நஞ்சின் இலக்கணத்தைப் படிக்க மறுக்கிறது. இதைவிடப் பெரிய முரண்பாட்டை நாம் கண்டதில்லை.

குற்றவாளி யார்?

பட்டம் விலைபோகவில்லை என்றால் குற்றம் பட்டத்தினுடையதா? நாம் மூவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறோம்.

முதலாமவர், கல்வியை விற்கும் நிலையத்தார் சிலர். கட்டடம் உயர்கிறது, பேருந்துகள் பெருகுகின்றன. ஆய்வுக்கூடத்திலோ பத்து மாணவருக்கு ஒரு தராசு. செய்முறைப் பதிவேட்டில் சென்ற ஆண்டு மாணவன் எழுதிய அளவீடுகளை இந்த ஆண்டு மாணவன் படியெடுக்கிறான். பியூரெட்டைத் தானே பிடித்துப் பழகாதவனுக்குப் பட்டம் கொடுப்பது, தண்ணீரில் இறங்காதவனுக்கு நீச்சல் சான்றிதழ் கொடுப்பதற்கு ஒப்பாகும். அத்தகைய பட்டம் விலைபோகாததில் வியப்பென்ன?

இரண்டாமவர், ஆலை உரிமையாளருள் ஒரு சாரார். கோடிக்கணக்கில் இயந்திரம் வாங்கும் இவர்கள், அதன் வாயில் என்ன போகிறது, வயிற்றிலிருந்து என்ன வருகிறது என்று அளந்து சொல்லும் வேதியியலாருக்கு ஓட்டுநரின் ஊதியத்தைக் கொடுக்கவும் தயங்குகின்றனர். மருந்துத் தொழிலில் இப்படிச் செய்ய முடியாது. 1945ஆம் ஆண்டு மருந்து விதிகள், தகுதி பெற்ற தொழில்நுட்பரின் மேற்பார்வையில்தான் மருந்து ஆக்கப்பட வேண்டும் என்கின்றன. வேதியியலை முதன்மைப் பாடமாகப் படித்து, மருந்து ஆக்கத்தில் மூன்றாண்டு அனுபவம் பெற்ற அறிவியல் பட்டதாரிக்கு அந்தத் தகுதி உண்டு. சட்டம் கேட்டதால் அங்கே பட்டத்துக்கு விலை பிறந்தது. வயிற்றுக்குள் போகும் மாத்திரைக்கு உள்ள அதே கண்டிப்பு, கிணற்றுக்குள் போகும் கழிவுக்கும் வேண்டும் என்று நாம் கேட்கிறோம். தகுதி பெற்ற வேதியியலாரின் கையொப்பமும் பொறுப்பும் இன்றி எந்தச் சாய ஆலையும் தோல் ஆலையும் ஒரு நாளும் இயங்கலாகாது என்று அரசு கண்டிப்புக் காட்டட்டும். பிறகு பட்டம் விலைபோகிறதா இல்லையா என்று பார்ப்போம்.

மூன்றாமவர், நாமேதான், அதாவது பெற்றோரும் சமுதாயமும். பொறியியல் தரவரிசைக்குரிய 200 மதிப்பெண்ணில் வேதியியலுக்கு 50. நீட் தேர்வின் 720 மதிப்பெண்ணில் வேதியியலுக்கு 180. மருத்துவராகவும் பொறியாளராகவும் ஏறுவதற்கு வேதியியல் ஏணி வேண்டும். ஏறியபின் ஏணியை எட்டி உதைக்கிறோம். அந்த ஏணியைச் செய்யும் தச்சன் ஒருவன் நம் வீட்டில் இருப்பதை மட்டும் கௌரவக் குறைவாகக் கருதுகிறோம்.

தோல் மண்டியும் ஜமாஅத்தும்

நம் சமுதாயத்தைப் பற்றித் தனியே ஒரு சொல். ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை முதல் ஈரோட்டுப் பெரிய அக்ரகாரம் வரை தோல் பதனிடுதல் நம்மவர் பலரின் குலத்தொழில் போல் ஆகிவிட்டது. அத்தொழில் ஈட்டிய செல்வமே கல்விக் கூடங்களாகவும் மலர்ந்தது. வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி (1919), திருச்சி ஜமால் முகமது கல்லூரி (1951), சென்னை புதுக்கல்லூரி (1951), மேல்விஷாரம் சி. அப்துல் ஹக்கீம் கல்லூரி (1965) ஆகிய எல்லாவற்றிலும் வேதியியல் துறை உண்டு. ஆனால், தோல் மண்டி உரிமையாளரின் பிள்ளைகளில் எத்தனை பேர் அந்தத் துறையின் வாசலை மிதிக்கின்றனர்? குரோமியம் எந்த நிலையில் தோலைப் பதப்படுத்துகிறது, எந்த நிலையில் உயிருக்கே உலை வைக்கிறது என்பதை அறியாமல் தலைமுறை தலைமுறையாகத் தொழில் நடத்தினோம். 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் பாலாற்றுத் தோல் ஆலைகளைக் குறித்துத் தீர்ப்பளித்து, மாசுபடுத்தியவரே ஈடு செலுத்த வேண்டும் என்று உரைத்து, ஒவ்வோர் ஆலைக்கும் பத்தாயிரம் ரூபாய் தண்டம் விதித்தபோதுதான் விழித்தோம்.

மேடைதோறும் ஜாபிர் இப்னு ஹய்யானின் பெயரை முழங்குகிறோம். 'ஆல்கலி' என்னும் சொல்லே அரபு மொழி தந்த கொடை என்று மார்தட்டுகிறோம். மார்தட்டுவதில் பிழையில்லை. ஆயின், அந்தக் காரம் சாயத்தொட்டியில் எவ்வளவு விழ வேண்டும் என்று அளந்து சொல்ல ஒரு மகனை அனுப்ப மனமில்லாதவர்களுக்கு அந்தப் பெருமையில் என்ன பங்கு?

தோல் தொழிலுக்கு வேதியியல் என்ன செய்யவல்லது என்பதற்கு நாயுடம்மாவின் வாழ்வே சான்று. காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் தொழில்முறை வேதியியல் படித்த அவர், 1948இல் அமைந்த சென்னை மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தின் இயக்குநராக உயர்ந்தார். கச்சாத் தோலை அனுப்பிக் கூலி வாங்கிய நாட்டை, முடித்த பொருளை அனுப்பி விலை வாங்கும் நாடாக மாற்ற உழைத்தவர்களில் அவர் முதல் வரிசையில் நின்றார். பட்டத்தின் பயன் பட்டத்தில் இல்லை. அதை எந்தத் தேவையோடு பொருத்துகிறோம் என்பதில் இருக்கிறது.

என்ன செய்வது?

பொதுவாகப் புகழ்ந்துவிட்டுப் போவது நம் நோக்கமன்று. வேதியியலில் சேர விரும்பும் பிள்ளைக்கும் பெற்றோருக்கும் சில சொற்களை வெளிப்படையாகவே சொல்கிறோம்.

வெறும் பி.எஸ்ஸி. பட்டம் பாதிக் கிணறு. தாண்டும் துணிவு இல்லாதவர் அதில் கால் வைக்க வேண்டாம். தாண்ட இரண்டு வழிகள் உண்டு. முதல் வழி மேற்படிப்பு. ஐ.ஐ.டி.களிலும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்திலும் முதுகலை பயில ஜாம் என்னும் நுழைவுத் தேர்வு இருக்கிறது. நம் மாவட்டக் கல்லூரிகளில் அதன் பெயரைக்கூட அறியாத மாணவர் பலர். முதுகலைக்குப் பின் நெட் தேர்வில் ஆய்வு உதவித்தொகைக்குத் தகுதி பெற்றால், 2023 முதல் உயர்த்தப்பட்ட கணக்கின்படி மாதம் 37,000 ரூபாய் பெற்றுக்கொண்டே முனைவர் பட்டத்துக்கு உழைக்கலாம். காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அதற்காக அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் வழங்கினார். மின்கலங்களைப் பற்றி உலகமே பேசும் இந்நாளில், அவ்வாசல் கொங்குநாட்டுப் பிள்ளைக்குத் தொலைவானதன்று.

இரண்டாம் வழி கைத்திறன். பகுப்பாய்வுக் கருவிகளைக் கையாளக் கற்றவன் பட்டினி கிடப்பதில்லை. நம் வட்டாரத்திலேயே பாருங்கள். பெருந்துறையில் கொப்பரை ஏலம் போகிறது. அதன் ஈரப்பதமும் பூஞ்சை நஞ்சும் எண்ணெயின் தரத்தைத் தீர்மானிக்கின்றன. ஈரோட்டு மஞ்சள் 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. சாறெடுக்கும் ஆலைகள் அதில் உள்ள குர்குமின் அளவைப் பார்த்தே விலை பேசுகின்றன. சென்னிமலைப் போர்வைக்கும் பவானி ஜமக்காளத்துக்கும் நூல் சாயமேறுகிறது. இவற்றை எல்லாம் அளந்து சான்று கொடுக்கும் சிறு ஆய்வுக்கூடத்தைப் பட்டதாரிகள் நால்வர் கூடி ஏன் நிறுவக் கூடாது? கல்கத்தாவில் வேதியியல் பேராசிரியராக இருந்த பிரபுல்ல சந்திர ராய், கையில் இருந்த சிறு முதலைக்கொண்டு 1892இல் தொடங்கிய முயற்சிதான் 1901இல் பெங்கால் கெமிக்கல்ஸ் என்னும் நிறுவனமாக வளர்ந்தது.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது முகப்பைப் பார்க்காதீர்கள். ஆய்வுக்கூடத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். தராசுகளை எண்ணுங்கள். வாரத்தில் எத்தனை மணி நேரம் மாணவன் கையில் கண்ணாடிக் குழாய் இருக்கும் என்று கேளுங்கள். விடை சொல்லத் தயங்கும் கல்லூரிக்குப் பணம் கட்டாதீர்கள். அத்தகைய கல்லூரிப் பட்டத்துக்கு எதிராக ஊரார் சொல்லும் தீர்ப்போடு நாமும் உடன்படுகிறோம்.

ஜமாஅத்துகளுக்கும் செல்வந்தருக்கும் ஒரு வேண்டுகோள். கட்டடத்துக்குக் கல் நாட்டும் செலவில் ஒரு சிறு பங்கை, எம்.எஸ்ஸி. வரை ஓர் ஏழை மாணவனைத் தாங்கும் உதவித்தொகையாக ஒதுக்குங்கள். ஏழாண்டுக் காலத்தின் சுமைதான் ஏழையைத் தடுக்கிறது என்று மேலே கணக்கிட்டுக் காட்டினோம். அச்சுமையை ஒருவனாகச் சுமந்தால் இடுப்பொடியும்; ஊராகச் சுமந்தால் மாலை போல் இருக்கும்.

வேதியியல் விலைபோகாத சரக்கன்று. விலை கொடுக்க வேண்டியவர்கள் கொடுக்காமல் ஏய்த்துக்கொண்டிருக்கும் சரக்கு. அந்தக் கடனை நொய்யல் ஒரு முறை வட்டியும் முதலுமாக வசூலித்துவிட்டது. அடுத்த முறை அது நம் குடிநீர்க் குழாயில் வந்து கதவைத் தட்டும் முன், பெருந்துறைப் பிள்ளை ஒருவன் பியூரெட்டைப் பிடிக்கட்டும்.